களப்புக் கரையில குப்பைமேடு, பக்கத்திலயே பறவைகள் முட்டையிடுற மணல்: சபையில என்ன கேட்கலாம்?

கொட்டியாரக்கரை:
வணக்கம். எங்கட ஊர் திருகோணமலைப் பக்கம், களப்போரம். கண்டல் மரங்கள் முடியிற இடத்திலதான் குப்பை கொட்டுறது, ட்ரெக்டர் வந்து சரிச்சுட்டுப் போயிடும், மண் போட்டு மூடுறதே இல்ல. அதுக்கு அங்கால வெறும் மணல் திட்டு, ஆலாவும் உப்புக்கொத்தியும் முட்டையிடுறது அங்கதான், போன சீசன்ல ஒரு குஞ்சும் கண்ணில படல்ல. குப்பைய நிப்பாட்டுங்க எண்டு கேட்க ஏலாது, நிப்பாட்டினா ரோட்டோரம் வந்து கிடக்கும். அடுத்த மாசம் உள்ளூராட்சி சபையில கதைக்கப் போறோம், என்ன கேட்கிறது? "குப்பைமேட்டில எவ்வளவு கொக்கு நிக்குது, பறவைக்கு நல்லம்தானே" எண்டு சொல்றவங்களுக்கும் பதில் வேணும்.

உப்புவெளித் தம்பி:
அண்ணை, அங்க நிக்கிறது உண்ணிக்கொக்கு, காகம், பருந்து. மணல்ல முட்டையிடுற சாதி வேற. உப்புக்கொத்தி கூடு கட்டாது, மணலக் கிண்டி ஒரு சின்னக் குழி, சிப்பித் துண்டு கொஞ்சம், அதுக்குள்ள ரெண்டு மூண்டு முட்டை, மண் நிறத்தில கறுப்புப் புள்ளி, பக்கத்தில நிண்டாலும் தெரியாம மிதிச்சுப் போடுவம். மூண்டு கிழமைக்கு மேல அடைகாக்கணும். மீன் குடலும் கோழிக் கழிவும் சோத்துப் பார்சலும் திறந்து கிடந்தா காகமும் நாயும் வருஷம் முழுக்க அங்கயே தங்கிப் பெருகிடும், அதுகளுக்குப் பக்கத்து மணல்ல கிடக்கிற முட்டை ஒரு வாய்க்குக் காணாது. அதால முதல்ல கேட்க வேண்டியது மண். ஒழுங்கா நடத்துற இடத்தில அண்டண்டைய குப்பைய அண்டைக்கே அரை அடி மண்ணால மூடுவாங்க. இன்னொண்டு, எங்கட கரையில இருக்கிற உப்புக்கொத்திய 2023ல தனி இனமாப் பிரிச்சு அனுமன் உப்புக்கொத்தி எண்டு பேர் வச்சிருக்காங்க, இலங்கையையும் தென்னிந்தியாவையும் விட்டா அதுக்கு வேற இடம் இல்ல. இத சபையில கட்டாயம் சொல்லுங்க.

கிண்ணியா வலைக்காரன்:
தம்பி சொன்னது சரி, ஆனா மண் மட்டும் போட்டாக் காணாது. மாரி மழைக்கு மேட்டுக்குள்ளால ஊறி வாற கறுப்புத் தண்ணி நேரா களப்புக்குள்ளதான் இறங்குது, அதிலதான் இறாலும் மீன்குஞ்சும் வளருது, நாரையும் கூழைக்கடாவும் நாங்களும் அதைத்தான் நம்பி இருக்கிறம். களப்புப் பக்கம் வரம்பு கட்டி அந்தத் தண்ணிய ஒரு குழியில மறிக்கச் சொல்லுங்க. குப்பையில பாதிக்கு மேல சமையல் கழிவுதான், வீட்டிலயும் கடையிலயும் பிரிச்சுக் குடுத்து பசளையாக்கினா காகத்துக்குச் சாப்பாடும் குறையும், கறுப்புத் தண்ணியும் குறையும். சொப்பிங் பேக்குக்கு வலைவேலி போடணும், கச்சான் காத்து வீசினா எல்லாம் கடலுக்குத்தான் போகுது. டவுண்ல மான்கள் அத தின்னுறத நாம பாத்துக்கொண்டுதானே இருக்கிறம், மனசு பொறுக்குதில்ல.

சீனன்குடா ரோட்டு:
பறவை எண்டு சொன்னா சபையில காது குடுக்க மாட்டாங்க எண்டு பயந்தா சீனன்குடா விமானத்தளத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. குப்பைமேடு ஓடுபாதைக்கு 13 கிலோமீட்டருக்குள்ள இருக்கக்கூடாது எண்டு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பே வழிகாட்டியில சொல்லுது, காரணம் பருந்தும் காகமும் விமானத்தில மோதுறதுதான். அந்தத் தூரத்துக்குள்ள டவுணும் வருது, கிண்ணியாவும் வருது. ஆனா ஒரு விசயம், "வேற இடத்துக்குக் கொண்டு போங்க" எண்டு மட்டும் கேட்டுட்டு வராதீங்க. 2017 ஏப்ரல்ல கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு முப்பதுக்கு மேல சனம் செத்திச்சு, அதுக்குப் பிறகு கொழும்புக் குப்பை போய்ச் சேர்ந்தது முத்துராஜவெல சதுப்புப் பக்கம். அதுவும் பறவைகளிண்ட இடம்தான்.

கொட்டியாரக்கரை:
எல்லாருக்கும் நன்றி. மண்ணையும் வரம்பையும் முதல் கேட்கிறம், முட்டையிடுற மாசங்கள்ல மணல் திட்டுப் பக்கம் ட்ரெக்டர் திருப்பக்கூடாது எண்டும் எழுதிக் குடுக்கப் போறோம். பசளை விசயத்துக்கு மீன் சந்தைக்காரரோட முன்னமே கதைக்கணும். வலைக்காரன் நானா, கூட்டத்துக்கு நீங்களும் வர ஏலுமா? தண்ணிய பத்தி நீங்க சொன்னாத்தான் எடுபடும்.