படிவம் 1 போகும் பிள்ளைக்கு இலவச பஸ் உண்டா? பள்ளி 11 கிலோமீட்டர்

செம்பனைக்காடு:
வணக்கம். நாங்கள் இருப்பது மலேசியாவில் சிலாங்கூர் மாநிலம், பெஸ்தாரி ஜெயா பக்கம், என் அப்பா இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். பெரியவள் ஜனவரியில் படிவம் 1, அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வருடம், போகிறாள். ஆறு வருடம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நடந்தே போனவள், எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) முனையில் நின்றால் பள்ளிக் கொடிமரம் தெரியும். இப்போது இடைநிலைப்பள்ளி 11 கிலோமீட்டர். பள்ளி பஸ்காரர் மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார், அதற்கடுத்த வருடம் தம்பியும் போனால் இரண்டு மடங்கு. பள்ளி திறக்கும்போது அரசாங்கம் கொடுக்கும் 150 வெள்ளி சப்பாத்துக்கும் சட்டைக்குமே போய்விடும். இதில் அவளுக்கு மதியம் தொடங்கும் மாலைப் பள்ளி வேறு, வீடு வந்து சேர ஏழேகால் ஆகிவிடும். புறப்பாடம் (விளையாட்டு, சங்கம்) இருக்கும் நாளில் காலையிலேயே போக வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ்காரர் வரமாட்டாராம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பஸ் இலவசமாக வேண்டும் என்று ஒய்பியிடம் (தொகுதியின் மக்கள் பிரதிநிதி) மனு கொடுக்கலாம் எனப் பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். என்ன கேட்டு எழுதுவது?

குளுவாங் பையன்:
அக்கா, இலவசம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மாநிலத்தில் ஸ்மார்ட் சிலாங்கூர் பஸ் 2015-இலிருந்து ஓடுகிறது, மாணவர் என்றில்லை, குடிமக்கள் யாருக்கும் கட்டணம் கிடையாது. எங்கள் ஜொகூரிலும் முவாஃபாக்காட் பஸ் இருக்கிறது. கோலாலம்பூர் பிள்ளைகளுக்கு மை50 அட்டை, 50 வெள்ளிக்கு 30 நாள் எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில், ரேபிட் பஸ் எல்லாம். ஆனால் இவையெல்லாம் டவுனுக்கு டவுன் ஓடுபவை, செம்பனைத் தோட்டத்துக்குள் எந்த பஸ் வரும்? நான் படித்தபோது பெரிய சாலைக்கே 3 கிலோமீட்டர். மழை நாளில் மாமா மோட்டாரில் கொண்டுபோய் விடுவார், அவர் வேலைக்குப் போயிருந்தால் அன்று பள்ளி மட்டம். பி2 மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும், எங்கள் லயத்தில் 14 வயதிலேயே பையன்கள் ஓட்டினார்கள், பெரியவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். வேறு வழி இல்லையே.

பழைய பஸ்காரன்:
தங்கச்சி, 22 வருடம் பள்ளி பஸ் ஓட்டியவன் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பள்ளி பஸ் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிப்பதில்லை, ஓட்டுநரும் பெற்றோரும் பேசி முடிவு செய்வதுதான். 2024 ஜூனில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது எங்களுக்கு மானிய அட்டை வந்தது, லிட்டர் 1 வெள்ளி 88 காசு. அதனால் டீசலை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். டயர், இன்சூரன்ஸ், தோட்டத்து மண்சாலையில் உடையும் ஸ்பிரிங், அப்புறம் பாதி காலியாக ஓடும் தூரம், இவைதான் தின்னும். புறப்பாடத்துக்கு ஏன் வரமாட்டார் தெரியுமா? நாலு பிள்ளைக்காக 44 இருக்கை பஸ்ஸை 11 கிலோமீட்டர் தனியாக எடுக்க வேண்டும். அதற்கு வேன் போதும், பஸ் தேவையே இல்லை.

கிள்ளான் மகள்:
நான் இப்போது கிளாஸ்கோவில் இருக்கிறேன். ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரியிலிருந்து 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு பஸ் இலவசம், என் மகன் அந்த அட்டையில்தான் பள்ளிக்கு மட்டுமல்ல, பந்து விளையாடவும் போகிறான். தமிழ்நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. ஆனால் இரண்டு இடத்திலும் முதலில் பஸ் ஓடுகிறது, பிறகுதான் இலவசம். மனுவில் ‘இலவசம்’ என்று மட்டும் எழுதினால் ‘அதுதான் இருக்கிறதே’ என்று பதில் வரும், கோப்பை மூடிவிடுவார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். சிலாங்கூரில் சில வட்டாரங்களில் செயலியில் கூப்பிட்டால் வரும் வேன் இருக்கிறது, அதை உங்கள் பக்கமும் விடச் சொல்லிக் கேளுங்கள்.

செம்பனைக்காடு:
எல்லாருக்கும் நன்றி. ஐயா, கோபம் இல்லை, நீங்கள் சொன்ன பிறகுதான் கணக்கு புரிந்தது. நேற்று இரவு நோட்டுப் புத்தகத்தோடு லயத்தைச் சுற்றி வந்தேன். 14 வீடு, இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் 19 பேர், அதில் மாலைப் பள்ளி 8 பேர். புறப்பாட நாளில் காலை 8 மணிக்கு ஒன்று, மற்ற நாளில் மாலைப் பள்ளி விட்டதும் ஒன்று, அவ்வளவுதான் கேட்கப் போகிறோம், அதையும் பெரிய சாலையோடு நிறுத்தாமல் லயம் வரைக்கும். பிள்ளைக்கு 1 வெள்ளி கொடுக்கவும் தயார் என்று பாதி வீட்டில் சொன்னார்கள். ஒரு சிக்கல், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் இன்னும் குடியுரிமை இல்லை, மைகார்டு (அடையாள அட்டை) கிடையாது. குடிமக்களுக்கு மட்டும் என்றால் அவர்கள் ரோட்டில்தான் நிற்பார்கள். அதனால் ‘பள்ளிச் சீருடையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும்’ என்று எழுதலாம் என நினைக்கிறேன். மனு மலாயில் இருக்க வேண்டுமாம், என் மலாய் கடைக்குப் போகத்தான் உதவும். எழுதத் தெரிந்தவர் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுப்பீர்களா?