வெள்ளைக் கல், என்ன கனிமம்? அவசரம்

மாணவி_செ: வெள்ளையா ஒரு கல். ஆசிட் விட்டேன், பொங்கலை. அப்போ குவார்ட்ஸ்தானே? நாளைக்கு ரெக்கார்டு வைக்கணும்.

சுரங்கத்தான்: எந்த ஊர்க் கல்? பளபளப்பா, மங்கலா? கத்தியில் கீறினீங்களா? என்ன ஆசிட்?

வெங்கச்சங்கல்: குவார்ட்ஸேதான். ரோட்டோரம் கிடக்கிற வெள்ளைக் கல்லில் முக்கால்வாசி அதுதான்.

கல்லுளிமங்கன்: பொங்கலைன்னா குவார்ட்ஸா? புத்தகத்தைத் திறந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. முதலில் கடினம், அப்புறம்தான் ஆசிட். கடினத்துக்கான 1–10 மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, இரண்டும் கண்ணாடியைக் கீறும். ஃபெல்ட்ஸ்பாருக்குக் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இரண்டு பிளவு முகம் (உடையும்போது வரும் வழவழப்பான தளம்) உண்டு. குவார்ட்ஸுக்குப் பிளவே கிடையாது.

மாணவி_செ: சேலம், ஓமலூர் போற வழி. மங்கல், உடைஞ்ச பீங்கான் மாதிரி. பாத்ரூம் ஆசிட்.

சுரங்கத்தான்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். அங்கே இருக்கிற சாக் ஹில்ஸ் குன்றுகளோட மேக்னசைட்டா (மெக்னீசியம் கார்பனேட்) இருக்கணும். டூனைட் பாறைக்குள் வெள்ளை நரம்பா ஓடும். குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் கட்டி பொங்காது, பொடி பொங்கும். ஆணியால் சுரண்டி, பொடி மேல ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பாருங்க. ஆசிட்டைச் சூடு பண்ண வேண்டாம். பாத்ரூம் ஆசிட் சிலதில் சோப்பு இருக்கும், அந்த நுரையை நம்பாதீங்க. லேபில் கேட்டு வாங்குங்க.
கடினம் 3.5–4.5, கத்தி கீறும். கத்தி போட்ட கோட்டை ஈர விரலால் தேய்ச்சுப் பாருங்க. பள்ளம் நின்னா கீறல். சுத்தமா அழிஞ்சா, கல் கீறலை, கத்தி இரும்புதான் கல்லில் ஒட்டியிருக்கு.

வெங்கச்சங்கல்: சிலிக்கா கலந்த மேக்னசைட்டைக் கத்தி கீறாது. அப்போ?

தராசுத்தட்டு: பொடியில் மட்டும் பொங்கறது டோலமைட்ங்கிற இன்னொரு கனிமமும்தான். அடர்த்தி பாருங்க: குவார்ட்ஸ் 2.65, டோலமைட் 2.85, மேக்னசைட் 3.0. கல்லை நிறுத்துக்குங்க. தராசில் தண்ணிக் கிண்ணம் வெச்சு ஜீரோ பண்ணி, கல்லை நூலில் கட்டி, அடியில் படாம முழுசா முக்குங்க. முதல் எடையை இப்போ காட்டுற கிராமால் வகுங்க.

கல்லுளிமங்கன்: சமையல் தராசில் 2.85-ம் 3.0-ம் பிரியுமாம்! 30 கிராம் கல் தண்ணியில் 10 காட்டும். ஒரு கிராம் பிசகினா 10 சதவீதம் போச்சு.

தராசுத்தட்டு: 200 கிராமுக்கு மேல எடுத்தா பிரியும். ஊற வெச்சுக் குமிழி போகட்டும், இல்லைன்னா அடர்த்தி குறைச்சலா வரும்.

கல்லுளிமங்கன்: பக்கத்துப் பாறையும் ஒட்டியிருந்தா? அதையும் சேர்த்து நிறுக்கச் சொல்வீங்களா?

தராசுத்தட்டு: தட்டி எடுத்துட்டு நிறுக்கணும். இதையுமா சொல்லணும்?

மாணவி_செ: 246, தண்ணியில் 82. லேப் ஆசிட்டில் பொடி மட்டும் பொங்குது. நன்றி.

தராசுத்தட்டு: 3.0. மேக்னசைட்.

கல்லுளிமங்கன்: கத்திக் கோடு என்னாச்சு?