‘ரகு தாத்தா’ காட்சியில் பொறாமை இருக்கிறதா, இல்லையா?

அம்மாப்பேட்டை ரசிகன்:
நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார்: “பொறாமையையும் காதல் தோல்வியையும் காட்டிச் சிரிக்க வைப்பதெல்லாம் 2009-க்கு அப்புறம் டாஸ்மாக் காட்சிகளோடு வந்த பழக்கம்.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1981-இல் பாக்யராஜ் எடுத்த ‘இன்று போய் நாளை வா’ என்ன படமாம்? ஒரே பெண்ணுக்காக மூன்று நண்பர்கள் ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தன் திட்டம் போடுகிறார்கள். ஒருவன் அவள் வீட்டில் இந்தி படிக்கவே உட்கார்ந்துவிடுகிறான். வாத்தியார் சொல்லித் தரும் ‘ரஹதா தா’ என்ற இந்தி அவன் வாயில் ‘ரகு தாத்தா’ ஆகிவிடும். அந்த ‘ரகு தாத்தா’ காட்சி முழுக்கப் பொறாமையில் பிறந்த சிரிப்பு.

குகைக்காரன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ரகு தாத்தாவில் பொறாமை எங்கே வந்தது? இந்தி வாயில் நுழையவில்லை, சிரித்தோம். அந்த இடத்தில் பொண்ணே தேவையில்லை.

அம்மாப்பேட்டை ரசிகன்:
அவனுக்கு இந்தி எதுக்குங்க? பரீட்சையா எழுதப் போகிறான்? மற்ற இரண்டு பேரும் முந்திவிடுவார்களோ என்ற பயம்தான் அவனை அங்கே உட்கார வைத்தது. வாத்தியார் பொறுமையிழந்து கத்தியும் எழுந்து போகாமல் இருக்கிறானே, அது எதனால்? பொறாமைப்படுகிறவன் அதை மறைக்கப் படும் பாடுதான் சிரிப்பு. அவன் உள்ளே வெந்துகொண்டிருப்பது நமக்குத் தெரியும், எதிரில் இருப்பவருக்குத் தெரியாது.

குகைக்காரன்:
இந்தி தெரியாததுதான் சிரிப்பு. ரகு தாத்தாவில் பொறாமை இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர்:
தம்பிகளா, அதே 1981-இல்தான் பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ வந்தது. ஆர்மோனியப் பெட்டியும் கையுமாக வந்த பாலக்காட்டு மாதவனைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம், கடைசியில் அவன் காதல் தோல்விக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. சினிமா பற்றிச் சேலத்துக்காரனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் நம்ம சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்தது.

குகைக்காரன்:
ஐயா, அலிபாபாவுக்கும் ரகு தாத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? எந்தத் தலைப்பு வந்தாலும் ஏற்காடு ரோட்டில் நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்கே கூட்டிப் போகிறீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர்:
அந்த வளைவு நம்ம ஊருக்குப் பெருமை. பிடிக்காதவர் வேறு வழியாகப் போகலாம்.

ஏற்காட்டுக்காரி:
உங்கள் எல்லாருக்கும் பொறாமை என்றால் சிரிப்பாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் லேடி சீட் காட்சிமுனைப் பக்கம் ஒரு பையன் கூட வந்த பெண்ணின் போனைப் பிடுங்கி, மெசேஜை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி “இவன் யாரு, இவன் யாரு” என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த சோளத்தை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. படம் எடுப்பவர்கள் இதைத்தான் பாட்டும் பைக்குமாகக் காட்டுகிறார்கள்.

அம்மாப்பேட்டை ரசிகன்:
நீங்கள் சொல்வது அயோக்கியத்தனம், அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நல்ல காதல் நகைச்சுவையில் பொறாமைப்படுகிறவன்தான் மூக்குடைபடுவான், பெண் இல்லை. 1964-இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் முத்துராமன் நண்பனுக்காக, அவன் அப்பா மாதிரிக் கிழவேஷம் போட்டு, நண்பனின் காதலி வீட்டுக்கு வருவார். தன் காதலியும் அந்த வீட்டுப் பெண்தான் என்று தெரிந்ததும் அவர் முழிக்கிற முழி! வலி அவருக்கு, சிரிப்பு நமக்கு. இந்தி படிக்கப் போனவனும் அப்படித்தான்.

ஏற்காட்டுக்காரி:
மூன்று பேர் போட்டி போட்டார்களே, முதலில் அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

குகைக்காரன்:
முத்துராமனுக்கு அங்கே வந்தது பயம். அதைப் பொறாமை என்று யார் சொன்னது? தாவித் தாவிப் போகாமல் ரகு தாத்தாவுக்குப் பதில் சொல்லுங்க.

அம்மாப்பேட்டை ரசிகன்:
மூன்று தரம் சொல்லியாகிவிட்டது. தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காயும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டில் பீட்ரூட் வேண்டாம் என்று போன மாதம் இரண்டு நாள் சண்டை போட்டவர்தானே நீங்கள்? உங்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்! நண்பன் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அவன் இந்திப் புத்தகத்தைத் தொட்டிருப்பானா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குகைக்காரன்:
பீட்ரூட் போட்டால் காரச் சட்னி ருசியே போய்விடும், இப்போதும் அதையேதான் சொல்வேன். ரகு தாத்தாவில் பொறாமை இல்லை.

செவ்வாய்ப்பேட்டை பெரியவர்:
பீட்ரூட்டும் கேரட்டும் இல்லாததற்குப் பெயர் செட்டா? உங்கள் சேலம் குகைப் பகுதியில் எந்தக் கடையில் தம்பி அப்படித் தருகிறார்கள்?

அம்மாப்பேட்டை ரசிகன்:
ஐயா, கடையை அப்புறம் பேசலாம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நண்பன் போகாவிட்டால் இவன் போயிருப்பானா?

ஏற்காட்டுக்காரி:
நான் கேட்டதற்கும்தான் யாரும் பதில் சொல்லவில்லை.