ஜிம்மில் 15 புல்லப்ஸ், சுவரில் 6பி: பயிற்சியில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

கரடுமுரடு கேட்டது:

வணக்கம். எடை 68 கிலோ, வயது 29. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் ஜிம், ஒரு நாள் கிளைம்பிங் சுவர். ஜிம்மில் ஒரு நாள் நெஞ்சும் தோளும், ஒரு நாள் முதுகும் பைசெப்ஸும், ஒரு நாள் சர்க்யூட் (கெட்டில்பெல், பர்பி, பாக்ஸ் ஜம்ப்). உடம்பை ஆட்டாமல் 15 புல்லப்ஸ் போகிறது, டெட்லிஃப்ட் 110 கிலோ. சுவரில் மட்டும் 6பி-யை (ஏறும் வழியின் கடினத்தைச் சொல்லும் கிரேடு) தாண்ட முடியவில்லை. ஹோல்டு (பிடிமானம்) பெரிதாக இருந்தால் எவ்வளவு சாய்வான சுவரிலும் போய்விடலாம். சின்ன கிரிம்ப் (விரல் நுனி மட்டும் படியும் மெல்லிய விளிம்பு) வந்தால் விரல் திறந்துகொள்கிறது.

டிசம்பர் கடைசியில் பாறை ஏறக் கர்நாடகத்தின் பாதாமி போகிறோம், இன்னும் 14 வாரம். ஜிம் கோச், "ஃபிட்னஸ் ஏறினால் எல்லாமே ஏறும்" என்கிறார். சுவரில் இருப்பவர்கள் ஜிம்மை நிறுத்திவிட்டு ஹேங்போர்டு (விரலால் தொங்கிப் பழகும் விளிம்புப் பலகை) வாங்கச் சொல்கிறார்கள். வாரத்துக்கு நான்கு நாள்தான் கிடைக்கும். எப்படிப் பிரிப்பது?

சுண்ணாம்புக்கை:

பெரிய ஹோல்டில் தொங்க முடிகிறது, சின்னதில் விரல் திறக்கிறது என்றால் முதுகில் குறையில்லை, விரலில்தான் குறை. 15 புல்லப்பை 25 ஆக்கினாலும் அந்த கிரிம்ப் அப்படியேதான் இருக்கும்.

புல்லப் கம்பி உருண்டை. கட்டைவிரல் சுற்றிப் பூட்டுகிறது, உள்ளங்கையும் பாரம் தாங்குகிறது. 20 மில்லிமீட்டர் விளிம்பில் படிவது விரல் நுனிக்கணு மட்டுமே. முன்கைத் தசை நீளம் மாறாமல் இறுகி நிற்க வேண்டும். அப்படி அசையாமல் இறுகிப் பெறும் பலம், பழகிய மூட்டுக் கோணத்துக்குப் பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கையில் வைத்து அமுக்கும் ஸ்பிரிங் கிரிப்பரும் இதனால்தான் அதிகம் உதவுவதில்லை. அதில் விரல் மூடித் திறக்கிறது, பாறையில் அப்படி நடப்பதே இல்லை.

சர்க்யூட் மூச்சுக்கு நல்லது. ஆனால் சுவரில் உங்களைக் கீழே தள்ளுவது மூச்சு அல்ல, முன்கை. இறுக்கிப் பிடிக்கும்போது தசையே தன் ரத்தக் குழாய்களை நெரிக்கிறது. அடுத்த ஹோல்டுக்குக் கை போகும் அந்த ஓரிரு நொடியில்தான் உள்ளே ரத்தம் பாய்கிறது. பர்பி எத்தனை போட்டாலும் இது பழகாது.

முதலில் சோதனை. 20 நிமிடம் நன்றாகச் சூடேற்றிய பிறகு, 20 மிமீ விளிம்பில் இரண்டு கையாலும் ஹாஃப் கிரிம்ப். அதாவது நடுமூட்டு 90 பாகை மடங்கியிருக்க வேண்டும், கட்டைவிரல் மேலே ஏறக்கூடாது. இடுப்பு பெல்ட்டில் எடை மாட்டி 10 நொடி தாங்கக்கூடிய அதிகபட்சத்தைக் கண்டுபிடியுங்கள். பயிற்சி அதில் 85 சதவீதத்தில்: 10 நொடி தொங்கல், 3 நிமிட ஓய்வு, 5 செட், வாரம் இரண்டு முறை, நடுவில் குறைந்தது 48 மணி நேரம். எல்லா செட்டிலும் 'இன்னும் 3 நொடி இருந்திருக்கலாம்' என்று தோன்றினால் அடுத்த முறை 1 கிலோ ஏற்றலாம். தோள் காதுக்கு ஏறித் தொங்கினால் அந்த செட் கணக்கில் சேராது.

நாலாம்பிட்ச்:

மேலே சொன்னதில் தப்பில்லை, வரிசைதான் தப்பு. இரண்டு வருடம், வாரம் ஒரு நாள் என்றால் மொத்தமே நூறு நாள் ஏறியிருக்கிறார். விரல் பலம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் கால் வைப்பதும் இடுப்பைச் சுவரோடு ஒட்டுவதும் தெரியாமல் எல்லாப் பாரத்தையும் விரலில் ஏற்றுகிறாரா என்பதை ஹேங்போர்டு சொல்லாது. முதல் மாற்றம், சுவர் ஒரு நாளிலிருந்து மூன்று நாளாக வேண்டும். ஏறுவதை விடச் சிறந்த கிளைம்பிங் பயிற்சி கிடையாது. அதில் ஒரு நாள் முழுக்கச் சின்ன ஹோல்டு, செங்குத்துச் சுவர். பாதாமியின் சிவப்பு மணற்கல்லில் பெரும்பாலும் அதுதான் காத்திருக்கிறது.

கேம்பஸ் போர்டு (கால் வைக்காமல் கையாலேயே தாவி ஏறும் சாய்வுப் பலகை) பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். 1988-இல் நியூரம்பெர்க்கில் ஜெர்மன் கிளைம்பர் வொல்ஃப்காங் கியூலிஷ் அதை உருவாக்கிப் பழகினார். 1991-இல் ஃபிராங்கன்யூரா பாறைப் பகுதியில் அவர் ஏறிய 'ஆக்‌ஷன் டிரெக்ட்' என்ற மிகக் கடினமான வழி அந்தப் பயிற்சியின் விளைச்சல். ஆனால் பலகையில் தொங்குவதற்கு முன்னால் அவருக்குப் பல வருடப் பாறை இருந்தது. பலகையை மட்டும் கடன் வாங்கினால் முழங்கைதான் போகும். 16, 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்குக் கேம்பஸ் போர்டு அறவே வேண்டாம். விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத வயதில் அது முறிவில் முடியலாம்.

ஜிம்மை முழுசாக விடுவதும் முட்டாள்தனம். வாரம் ஒரு நாள், 50 நிமிடம், இவ்வளவு போதும்:

டெட்லிஃப்ட் 3 செட், தலா 5. கையில் ஸ்ட்ராப் கட்டித் தூக்குங்கள், பிடியை அங்கே செலவழிக்க வேண்டாம். ஹீல் ஹூக்குக்கு (குதிகாலை ஹோல்டில் மாட்டி இழுப்பது) தொடையின் பின்தசை வேண்டும், அதற்காகத்தான் இது.

எடை மாட்டிய புல்லப் 4 செட், தலா 4. பத்துக்கு மேல் எண்ணிக்கை போவதால் ஏறுவதற்குப் பெரிய லாபமில்லை. கடைசி ரெப்பில் தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி 3 நொடி நிறுத்துங்கள், லாக்-ஆஃப் (கையை மடக்கிய நிலையில் பூட்டி நிற்பது) அங்கேதான் வரும்.

டம்பெல் ஓவர்ஹெட் பிரஸ் 3 செட், தலா 8. ரப்பர் பேண்டில் தோளை வெளிப்பக்கம் திருப்புவது 2 செட், தலா 15. எப்போதும் இழுத்துக்கொண்டே இருப்பவர்களுக்குத் தோள் முன்னால் சுருண்டுவிடும், அதற்கு மருந்து இது.

பைசெப்ஸ் நாள், பாக்ஸ் ஜம்ப், சர்க்யூட் எல்லாம் ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

கரடுமுரடு:

நன்றி. நேற்று சோதித்தேன். 12 கிலோ மாட்டி 10 நொடி சரியாகத் தாங்கியது. 12-இல் 85 சதவீதம் 10 கிலோ என்று கணக்குப் போட்டு 5 செட் ஆரம்பித்தேன். மூன்றாவது செட்டிலேயே 6 நொடியில் விழுந்தேன். வலது மோதிர விரல் அடியில் லேசாக இழுக்கிறது. இன்னொன்று, இருப்பது வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார்.

சுண்ணாம்புக்கை:

பலர் செய்யும் கணக்குப் பிழை. சதவீதம் போடவேண்டியது மொத்த எடைக்கு, மாட்டிய எடைக்கு மட்டுமல்ல. உங்கள் அதிகபட்சம் 68 + 12 = 80. அதில் 85 சதவீதம் 68. அதாவது உங்கள் வேலை எடை எதுவும் மாட்டாத வெறும் உடம்புதான்! நீங்கள் 78 கிலோவில் தொங்கியிருக்கிறீர்கள், அது 97 சதவீதத்துக்கும் மேல். மூன்றாவது செட்டில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

தசைநாண்:

விரல் விஷயம் முதலில். மோதிர விரலின் அடிக்கணுவை உள்ளங்கைப் பக்கமாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் அது ஏ2 புல்லி. தசைநாண் எலும்பை விட்டு விலகாமல் கட்டிப் பிடித்திருக்கும் வளையம் அது. தொங்கும்போது 'டப்' என்று சத்தம் கேட்டதா, வீங்கியதா, மடக்கும்போது நாண் கயிறு மாதிரி வெளியே துருத்துகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கை மருத்துவரிடம் போய் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், இங்கே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எதுவும் இல்லை, இழுப்பு மட்டும்தான் என்றால் ஹேங்கை 10 நாள் நிறுத்துங்கள். கிரிம்ப் வேண்டாம். பெரிய ஹோல்டுகளில் விரலை மடக்காமல் ஓப்பன் ஹேண்டில் ஏறலாம், வலிக்காத அளவுக்கு மட்டும். கட்டைவிரலை ஆள்காட்டி விரல் மேல் பூட்டும் முழு கிரிம்ப்பில் அந்த வளையத்துக்கு விழும் பாரம் ஓப்பன் ஹேண்டை விடப் பல மடங்கு. இந்த 14 வாரமும் பலகையில் அந்தப் பிடியே வேண்டாம்.

டேப் ஒட்டுவதென்றால் விரலைச் சுற்றி வளையமாக ஒட்டுவதால் பெரிய பலனில்லை. எச் வடிவம் வெட்டுங்கள்: ஒன்றரை செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளம். இரண்டு முனையிலிருந்தும் நடுவாகக் கிழித்து, மையத்தில் 1 செ.மீ. மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மையம் நடுமூட்டின் உள்பக்கம் உட்கார வேண்டும். கீழ்க்கால்கள் இரண்டையும் அடிக்கணுவில் சுற்றி, விரலை மடக்கி, பிறகு மேல்கால்களைச் சுற்றுங்கள்.

எட்டாவது வாரத்தில் வழக்கமாக வருவது முழங்கையின் உள்பக்க வலி. தசை வாரக்கணக்கில் வலுத்துவிடும், நாணுக்கு மாதக்கணக்கு ஆகும். அந்த இடைவெளியில்தான் எல்லாக் காயமும். வலி வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வாரம் மூன்று நாள், 3 கிலோ டம்பெல்: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேல்நோக்கி, மறு கையால் தூக்கிவிட்டு 4 நொடியில் மெதுவாக இறக்குங்கள். 3 செட், தலா 15.

வெயிட் குறைத்தால் 7ஏ வரும் என்று யாராவது சொல்வார்கள். 68 கிலோவோடு அப்படியே ஏறுங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நாணுக்குப் பாரம் ஏற்றினால் அது ஆறவே ஆறாது.

கயிறுமூட்டை:

வாடகை வீட்டுக்குத் துளை தேவையில்லை. 20 மிமீ விளிம்பு செதுக்கிய கைப்பிடிக் கட்டை, அதற்குக் கீழே ஒரு கயிறு, வெயிட் பிளேட் கோக்கும் இரும்புத் தண்டு. தரையிலிருந்து ஒரு கையால் தூக்கி 10 நொடி நிறுத்துங்கள், நேராக நின்றபடி, முழங்கை நீட்டி. ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாக எடை தெரியும். காயம்பட்ட விரலுக்கும் இதுதான் பத்திரம், 5 கிலோவிலிருந்து ஒரு கிலோ ஒரு கிலோவாக ஏற்றலாம், தொங்கும்போது அந்த வசதி கிடையாது. கட்டையை மரத்திலேயே செய்துகொள்ளலாம், விளிம்பை 4 மிமீ ஆரத்துக்கு உருட்டித் தேய்க்க மறக்காதீர்கள். கூர்மையாக விட்டால் தோல்தான் முதலில் போகும்.

அடுத்து, யாரும் பேசாத விஷயம். பலம் மட்டும் போதாது, பாதாமியில் நீங்கள் ஏறப்போவது போல்டர் (கயிறில்லாமல் ஏறும் குட்டை வழி) இல்லை, கயிற்று வழிகள். முதல் 7 வாரம் விரல் பலம், கடினமான போல்டரிங். 8 முதல் 12 வரை ஹேங்கை வாரம் ஒரு முறையாக்கி, இரண்டு நாள் நான்குக்கு நான்கு: உங்கள் உச்சத்தை விட இரண்டு கிரேடு குறைவான நான்கு போல்டர்களை இறங்கியதும் உடனே அடுத்தது என்று ஏறி, 4 நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு சுற்று. மூன்றாவது சுற்றிலேயே விழுந்தால் போல்டர் கடினம், நான்கும் சிரித்துக்கொண்டே முடிந்தால் சுலபம். நான்காவது சுற்றின் கடைசிப் போல்டரில் தடுமாற வேண்டும், அதுதான் அளவு.

13-வது வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், எடையைக் குறைக்காமல் செட்டை மட்டும். 14-இல் பலகை வேண்டாம், கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு லேசான சுவர் நாள். அந்த வாரம் விரல் காய்ப்பை உப்புத்தாளால் சமமாகத் தேய்த்துவிடுங்கள், துருத்திய காய்ப்புதான் மணற்கல்லில் முதலில் பிய்ந்து வரும்.