1024 வந்தால் மட்டும் புரோகிராம் படுத்துக்கொள்கிறது

நாலு நாளாக மண்டை காய்கிறது. சி மொழியில் டபுள் (8 பைட் தசம) எண்கள் கொண்ட ஓர் அணியை, வரிசையை நெடுவரிசையாக மாற்றி இன்னோர் அணியில் எழுதுகிறேன். 1025×1025க்கு 5 மில்லி செகண்டு. 1024×1024க்கு 14! வேலை குறைந்தால் நேரம் கூடுமா?

லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். எல்1 டேட்டா கேச் (பிராசசருக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகம்) 32 கேபி, 8 வழி (ஒரு செட்டில் எட்டு லைனுக்கு இடம்), 64 பைட் லைன் (ஒரே தடவையில் எடுத்து வைக்கும் துண்டு).

கம்பைலரின் வேகப்படுத்தும் ஆப்ஷன்கள் ஓ2, ஓ3 இரண்டும் போட்டாயிற்று. நூறு முறை ஓட்டிச் சராசரி எடுத்தேன். வேறொரு லேப்டாப்பிலும் அதே கதை.

1024இல் ஒரு வரிசை சரியாக 8192 பைட். அதனால் ஒரே நெடுவரிசையின் எண்கள் எல்லாம் கேச்சின் ஒரே செட்டில் போய் முட்டுகின்றன, எட்டுக்கு மேல் அங்கே இடமில்லை என்பது என் சந்தேகம். வரிசைக்கு எட்டு வெற்று எண் சேர்த்தால் வேகம் வருகிறது. ஆனால் அணி வேறொரு லைப்ரரியிலிருந்து வருவதால் அதன் அமைப்பைத் தொட முடியாது.

அமைப்பை மாற்றாமல், 8×8 கட்டங்களாகப் பிரித்து மாற்றினால் இந்த முட்டல் தீருமா?