பாக்கெட்டிலிருந்து இறக்கிய 4,312 இணைப்புகள்: தலைப்பு சிதைகிறது, பல திறக்கவில்லை, தேடினாலும் சிக்கவில்லை

நாணல் (கேள்வி)

பிறகு படிக்க இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் பாக்கெட் செயலி 2025 ஜூலை 8-இல் மூடப்பட்டதை ஒட்டி இறக்கிய ஜிப் கோப்பு கையில் இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு), 4,312 வரிகள். ஒரே துறை இல்லை. சுண்ணாம்புச் சாந்து, ஏரி மதகு, எழுத்துரு வடிவமைப்பு, நொதித்தல், கணிதப் புதிர், கவிஞர் நேர்காணல் என்று எல்லாம் கலந்து கிடக்கும் தொகுப்பு. முக்கால்வாசி தமிழ். வேறு செயலிக்கு மாற்றும் முன் தீர வேண்டியவை:

1. எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ்த் தலைப்புகள் எல்லாம் மேற்குறி போட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியுமாக வருகின்றன.
2. பிளாக்ஸ்பாட் இணைப்புகளில் பெரும்பகுதி திறப்பதில்லை. சில இணைப்புகள் திறந்தாலும் சூதாட்ட விளம்பரம்தான் வருகிறது.
3. உரையாகச் சேமித்த சில கட்டுரைகளில் "கொடிவேரி" என்று கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைப்பதில்லை.
4. குறிச்சொற்கள் 600-ஐத் தாண்டிவிட்டன. எதில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை.

எந்த வரிசையில் தொடங்கலாம்?

எழுத்தாணி

முதல் சிக்கலுக்கு: கோப்பு கெடவில்லை, திறந்த விதம்தான் தவறு. அந்த நிலையில் சேமித்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம்.

யூடிஎஃப்-8-இல் (யூனிகோட் எழுத்தைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். எக்செல் அவற்றைத் தனித்தனி மேற்கத்திய எழுத்துகளாகப் படித்துவிடுகிறது. சேமித்தால் பல எழுத்துகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் புள்ளி, உகரக் கொக்கி, ஏ, ஐ இந்த நான்கின் கடைசி பைட்டுக்கு அந்த மேற்கத்திய அட்டவணையில் இடமே கிடையாது. சில செயலிகள் அதைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு "தமிழ்நாடு" என்பது "தமிழநாட" என்றுதான் திரும்பி வரும்.

செய்ய வேண்டியது: ஜிப்பை ஒரு நகல் எடுத்து ஒதுக்கி வையுங்கள். எக்செலில் வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா தாவலில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி". கோப்பைத் தேர்ந்ததும் வரும் பெட்டியில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் (யூடிஎஃப்-8), பிரிப்பான் காற்புள்ளி. லிப்ரே ஆபீஸ் கால்க் என்றால் திறக்கும்போதே கேட்கும், அங்கேயே யூடிஎஃப்-8 கொடுக்கலாம். திரும்பச் சேமிக்கும்போது "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற வகையைத்தான் தேர வேண்டும். வெறும் "சிஎஸ்வி" வேண்டாம்.

உள்ளே ஐந்து நெடுவரிசைகள் இருக்கும்: தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், குறிச்சொற்கள், நிலை. சேர்த்த நேரம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிக் கணக்கு. 19,800 கூட்டி (நம் ஐந்தரை மணி நேரம்), 86,400-ஆல் வகுத்து, 25,569 கூட்டி, கட்டத்தைத் தேதி வடிவுக்கு மாற்றுங்கள். 1400000000 என்ற எண்ணுக்கு 2014 மே 13 இரவு 10:23 வந்தால் கணக்கு சரி. இந்தத் தேதியை அழித்துவிடாதீர்கள், செத்த இணைப்பை மீட்க இதுதான் சாவி.

கட்டுரையின் உரை இந்தக் கோப்பில் கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள். உங்களிடம் இருப்பது 4,312 முகவரிகள்தாம், 4,312 கட்டுரைகள் இல்லை.

மதகு

பிளாக்ஸ்பாட் விஷயம் நம்மூர்க்காரர்களுக்கே வந்த சோதனை. 2012-இல் இந்தியாவிலிருந்து திறப்பவர்களை "பிளாக்ஸ்பாட் டாட் காம்" முகவரியிலிருந்து "டாட் இன்"-க்குக் கூகுள் திருப்பத் தொடங்கியது. ஆறு ஆண்டுகள் நாம் நகலெடுத்ததெல்லாம் "டாட் இன்" முகவரிகள். 2018-இல் அந்தத் திருப்பல் நின்றது. 2020-இல் அந்த ஆள்களப் பெயரே காலாவதியாகி வேறு கைக்குப் போனது. பதிவு அழியவில்லை, பழைய வாசல்தான் மூடிக்கிடக்கிறது. "டாட் இன்"-ஐ "டாட் காம்" ஆக்கினால் பெரும்பாலானவை திறக்கும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா "டாட் இன்"-ஐயும் மாற்றிவிடாதீர்கள், மற்ற இந்தியத் தளங்கள் உடையும். "பிளாக்ஸ்பாட்" என்ற சொல்லையும் பின்னால் வரும் சாய்கோட்டையும் சேர்த்தே தேடி மாற்றுங்கள். சிங்கப்பூர், பிரிட்டன், கனடா நாட்டு வாலோடு இருப்பவற்றுக்கும் இதே மாற்றம்தான்.

அதோடு முகவரியின் வால்களையும் வெட்ட வேண்டும். கைபேசியிலிருந்து சேமித்த பிளாக்ஸ்பாட் முகவரியின் கடைசியில் "எம் சமம் 1" இருக்கும். முகநூலிலிருந்து வந்ததில் "எஃப்பிகிளிட்", செய்திமடலிலிருந்து வந்ததில் "யூடிஎம்" என்று தொடங்கும் சரம். ஒரே கட்டுரை மூன்று முகவரியாக நிற்பது இதனால்தான். வாலை வெட்டிய பிறகே இரட்டிப்பு வரிகளை நீக்குங்கள், அதற்கு முன் நீக்கினால் எதுவும் சிக்காது. ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை எல்லாம் ஒட்டுமொத்தமாக வெட்டக் கூடாது. சில தளங்களில் கட்டுரை எண்ணே அங்கேதான் இருக்கும்.

தமிழிலேயே முகவரி வைத்த வேர்ட்பிரஸ் தளங்களில் இன்னொரு சிக்கல். முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் குறியும் விழுக்காட்டுக் குறியோடு 9 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸில் அந்தப் பகுதிக்கு 200 இடம்தான். ஆக 22 எழுத்து, குறிகளுக்கு மேல் நிற்காது. அரட்டைச் செயலி வழியாக வந்தபோது நடுவில் அறுந்த முகவரி என்றால், கடைசியில் தொங்கும் அரைகுறைத் துண்டை 9-இன் மடங்குக்குத் திரும்பும்வரை அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள். முன்பகுதி ஒத்துப்போகும் கட்டுரையை வேர்ட்பிரஸே ஊகித்துப் பல நேரம் கொண்டுபோய்விடும்.

இதற்கும் மசியாதவற்றுக்கு, பழைய இணையப் பக்கங்களின் நகல்களை வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். முகவரியை அப்படியே போட்டால் கடைசி நகல் வரும். அது சூதாட்டப் பக்கத்தின் நகலாகவும் இருக்கலாம். எழுத்தாணி சொன்ன தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று 8 இலக்கமாக (20140513) நடுவில் கொடுத்தால் அந்த நாளுக்கு மிக அருகில் உள்ள நகல் கிடைக்கும். "டாட் இன்", "டாட் காம்" இரண்டையும் போட்டுப் பாருங்கள். நகல் எந்தப் பெயரில் பதிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இணைப்பைச் சோதிக்கும் தானியங்கிக் கருவிகளை முழுதாக நம்ப வேண்டாம். கைமாறிய தளம் "200, எல்லாம் சரி" என்றே பதில் சொல்லும். இப்போதைய தலைப்பை எடுத்து, சிஎஸ்வியில் உள்ள தலைப்போடு ஒப்பிட்டால்தான் களவு தெரியும்.

எழுத்தாணி

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. "கொ"வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்றேதான். தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொற்கள். மருந்து: எல்லா உரைக் கோப்புகளையும் என்எஃப்சி வடிவுக்கு (இரு விதமாக எழுதக்கூடியதை ஒரே விதமாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுவது. பைத்தானில் உள்ளமைந்த யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற செயல்கூறு இதைச் செய்யும். நோட்பேட் போன்றவற்றில் கையால் செய்ய முயலாதீர்கள்.

என்எஃப்சி தீர்க்காதவை சில உண்டு. அவற்றைத் தனியாகத் தேடி மாற்ற வேண்டும்:

"ஔ" இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டெழுத்து. ஔவையார் பற்றிய கட்டுரைகளில் பாதி இப்படித்தான் கிடக்கும். ஆனால் "ஒளி", "ஒளிவு" எல்லாம் முறையான சொற்கள், ஆகவே ஒட்டுமொத்தமாக மாற்றாமல் "ஒளவை", "ஒளடதம்" என்று சொல் சொல்லாகத் தேடுங்கள்.

"ஸ்ரீ"க்கும் இரண்டு எழுத்துமுறை. ஸ-வில் தொடங்குவது ஒன்று. யூனிகோடில் 2005-இல் ஶ சேர்ந்த பிறகு அதில் தொடங்குவது இன்னொன்று. ஏதாவது ஒன்றைத் தீர்மானித்து எல்லாவற்றையும் அதற்கே மாற்றுங்கள்.

எ-வுக்குப் பதில் தமிழ் எண் ஏழு (௭), க-வுக்குப் பதில் ஒன்று (௧), உ-வுக்குப் பதில் இரண்டு (௨). கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்த மூன்று எண்களையும் கோப்புகளில் தேடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே நின்றால் பிழை.

காலுக்குப் பதில் ர. "காடு" என்பது "கரடு" ஆகியிருக்கும். இதற்குக் குறுக்குவழி இல்லை, படித்துத்தான் திருத்த வேண்டும்.

2005-க்கு முந்தைய பக்கங்கள் இருந்தால் டிஸ்கி, டாப், பாமினி போன்ற பழைய குறியாக்கங்களாக இருக்கலாம். அவற்றில் எழுத்தைப் பார்வை வரிசையில் வைத்திருப்பார்கள், "கொ"வில் கொம்பு முதலில், க பிறகு. உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரில் முதலில் இரண்டு வரிகளை மட்டும் போட்டு, எந்தக் குறியாக்கத்தில் படிக்க வருகிறது என்று பார்த்துவிட்டு முழுவதையும் மாற்றுங்கள். மதுரைத் திட்ட (தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் தன்னார்வத் திட்டம்) நூல்கள் என்றால் மாற்றும் வேலையே வேண்டாம். 1998-இல் தொடங்கிய அத்திட்டத்தில் முன்பு டிஸ்கியில் வந்தவற்றுக்கு இப்போது யூனிகோட் பதிப்பு அங்கேயே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாணல்

முகவரிகள் திருந்தியதும் 4,312 வரி 3,760 ஆகக் குறைந்தது. மிக நன்றி. இனி மேல் உரையைச் சேர்த்தே வைக்க எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக அச்சிட்டு வைத்தால் போதுமா?

மதகு

தமிழுக்குப் பிடிஎஃப் வேண்டாம். பிடிஎஃப் எழுத்தை வைப்பதில்லை, எழுத்தின் வடிவத்தை வைக்கிறது. "கொ" அங்கே கொம்பு, க, கால் என்ற மூன்று படம். திரும்ப உரையாக எடுக்கும்போது வரிசை குலைந்து வருவது பல நேரம் நடக்கும். மூன்றாவது கேள்வியில் சிக்கிய அதே பள்ளத்தில் திரும்ப விழுவீர்கள். ஏற்கெனவே உள்ள பிடிஎஃப்களிலிருந்து நகலெடுப்பதைவிட டெசரக்ட் என்ற மென்பொருளில் தமிழ் மொழிக் கோப்போடு எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) ஓட்டுவது மேல்.

சிங்கிள்ஃபைல் நீட்சியைப் பயர்பாக்ஸ் அல்லது குரோமில் நிறுவுங்கள். பக்கத்தைப் படங்களோடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாகத் தரும். படங்களை எழுத்தாக மாற்றி உள்ளே வைப்பதால் படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அழுத்தும் முன் பக்கத்தின் அடிவரை ஒருமுறை உருட்டுங்கள். உருட்டினால்தான் வரும் படங்கள் இல்லையென்றால் வெற்றுக் கட்டமாக நின்றுவிடும்.

கோப்புப் பெயர் "2014-05-13 சுண்ணாம்புச் சாந்து" என்ற அளவில் இருக்கட்டும். லினக்ஸில் பெயருக்கு வரம்பு பெரும்பாலும் 255 பைட், அதாவது 85 தமிழ் எழுத்து, குறிகள். "தமிழ்நாடு" என்ற ஒரு சொல்லே அதில் 9 (27 பைட்). கட்டுரைத் தலைப்பை முழுதாக வைத்தால் விண்டோஸில் நன்றாக இருக்கும் கோப்பு லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது விட்டுப்போகலாம்.

பாக்கெட் போன்ற இன்னொரு செயலியான வாலபேக் பாக்கெட் சிஎஸ்வியை நேரடியாக ஏற்கும், உரையையும் தானே இழுத்து வைக்கும். அதற்கு 200 வரித் துண்டுகளாகக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் நடுவில் நின்றுவிட்டால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று பிரிப்பது பெரும்பாடு. எந்தச் செயலி என்றாலும் சிங்கிள்ஃபைல் கோப்புறை தனியாக உங்கள் வட்டில் இருக்கட்டும். இதே வகைச் செயலியான ஆம்னிவோர் 2024 நவம்பரில் மூடியது, பாக்கெட் அதற்கடுத்த ஆண்டு. கூகுள் ரீடர் 2013-லேயே போய்விட்டது.

உமி

நாலாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. என் கணிப்பில் இதுதான் பெரிய கேள்வி.

600 குறிச்சொல் எப்படி வந்தது என்று பார்த்தால் வேளாண்மை, விவசாயம், உழவு, பயிர்த்தொழில் என்று ஒன்றுக்கே நான்கு இருக்கும். நூலகத்தில் செய்வதுபோல ஒன்றைத் தலைச்சொல் ஆக்குங்கள். மற்றவற்றை "விவசாயம்: வேளாண்மை பார்க்க" என்று ஒரு தனித் தாளில் எழுதி வையுங்கள். தானாகக் குறியிடும் வசதியைத் தமிழுக்கு அணைத்துவிடுங்கள். அது இந்தக் குழப்பத்தை நாளுக்கு நாள் வளர்க்கும். மொத்தம் 25 தலைச்சொல் தாண்டாமல் பாருங்கள்.

ஆனால் கலவையான தொகுப்புக்குக் குறிச்சொல்லைவிடப் பெரிய பலம் ஒரு வரிக் குறிப்பு. ஒவ்வொரு கட்டுரையோடும் எதற்காக இதை எடுத்தேன் என்று எழுத வேண்டும், கட்டுரையின் சுருக்கத்தை அல்ல. ஒப்பிட்டுப் பாருங்கள்:

"சுண்ணாம்புச் சாந்து பற்றிய கட்டுரை." இது பயன்படாது, தலைப்பே இதைச் சொல்லிவிடும்.

"கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைச் சாந்தில் ஊற்றுகிறார்கள். நொதித்தல் கோப்பில் உள்ள கள் கட்டுரையோடு வைத்துப் பார்க்க: ஊறும் நாள் கூடினால் என்ன மாறும்?" இது பயன்படும். கட்டடக் கட்டுரைக்கும் நொதித்தல் கட்டுரைக்கும் நடுவே எந்தச் செயலியும் போடாத பாலம் இது. பல துறையிலிருந்து சேர்ப்பதன் பயனே இந்தப் பாலத்தில்தான் இருக்கிறது.

3,760-க்கும் இதை எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். தலைப்பை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். ஐந்து நொடிக்குள் ஏன் எடுத்தோம் என்று நினைவு வந்தால் நட்சத்திரம், வராவிட்டால் அப்படியே விடுங்கள், அழிக்க வேண்டாம். நட்சத்திரம் விழுந்தவற்றுக்கு மட்டும் சிங்கிள்ஃபைல் நகலும் ஒரு வரிக் குறிப்பும். புதிதாகச் சேர்ப்பவற்றுக்குக் குறிப்பு எழுதாமல் உள்ளே விடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதகு

உமி சொல்வதில் ஒரே ஒரு திருத்தம். நட்சத்திரம் விழாதவற்றையும் வேபேக் மெஷினின் "சேவ் பேஜ் நவ்" பெட்டியில் கொடுத்துவிடுவது நல்லது, குறிப்பாகத் தனியாள் நடத்தும் தமிழ்த் தளங்களை. ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்டால் அடுத்த மாதமே தளம் இருக்காது. நமக்குத் தேவைப்படாவிட்டாலும் தேடி வரும் இன்னொருவருக்கு இருக்கும்.

நாணல்

செய்கிறேன். கடைசியாக ஒன்று: 38 தலைப்புகளில் புள்ளியே இல்லை, "கலலணை" என்று நிற்கின்றன. மூல ஜிப்பிலும் அப்படியே.

எழுத்தாணி

அப்படியென்றால் பாக்கெட்டுக்குள் போகும்போதே தலைப்பு அடிபட்டிருக்கிறது, உங்கள் எக்செல் காரணம் இல்லை. புள்ளியை ஊகித்துச் சேர்க்காதீர்கள். 38-தானே, பக்கத்தைத் திறந்து தலைப்பைப் புதிதாக எடுத்து ஒட்டுங்கள். திறக்காதவற்றுக்கு வேபேக் நகலின் தலைப்பு. ஒட்டிய பின் என்எஃப்சி ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.