பனியன் கம்பெனியில் தீ: 'என் தப்புதான்'னு தம்பிகிட்ட எழுதி வாங்கப் பாக்கறாங்க, கையெழுத்துப் போடலாமா?

திருப்பூர்_அக்கா:
வணக்கமுங்க. என் தம்பி திருப்பூர்ல ஒரு ஜாப் ஒர்க் யூனிட்ல அயர்ன் மாஸ்டர். போன மாசம் சாயங்காலம் கரண்ட் போச்சுன்னு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ராத்திரி கரண்ட் வந்தப்புறம் தீப்பிடிச்சு, பேக்கிங் பண்ணி வெச்ச பீஸ், கூரை, ஒரு பக்கச் சுவர் எல்லாம் போயிருச்சு. உள்ளே யாரும் இல்லைங்கறது ஒண்ணுதான் ஆறுதல். தீயணைப்புத் துறை அறிக்கையில 'மின்கசிவாக இருக்கலாம்'னு போட்டிருக்கு. சுவிட்சை அணைச்சுட்டுத்தான் வந்தேன்னு தம்பி சத்தியம் பண்றான். அந்த பிளக் பாயின்ட் சூடாகுதுன்னு முன்னாடியே சூப்பர்வைசருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கான்.

கட்டடத்தை வாடகைக்கு விட்ட ஓனர் முதலாளிகிட்ட 14 லட்சம் கேக்கறார். முதலாளி, 'அயர்னை அணைக்காம போனது நான்தான்'னு தம்பியை எழுதித் தரச் சொல்றார். அதுவரைக்கும் சம்பளம் கிடையாதாம். பையன் சரியா சாப்பிடறதில்லை. போலீஸ் வந்து புடிச்சுட்டுப் போயிருவாங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.

கோவை_சிவில்_வக்கீல்:
சகோதரி, கையெழுத்து வேண்டவே வேண்டாம். அந்தக் காகிதம் முதலாளிக்கே வினை. வேலை நேரத்தில், வேலை சம்பந்தமாகத் தொழிலாளி கவனக்குறைவாக இருந்தால் அதற்கு முதலாளிதான் பதில் சொல்லியாகணும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 108 என்ன சொல்லுதுன்னா, தீயில் கட்டடம் அடியோடு பயன்படாமல் போனால் வாடகைதாரர் விரும்பினால் குத்தகையை முடிச்சுக்கலாம். ஆனா தீ அவர் தரப்புத் தவறால் வந்திருந்தா அந்த உரிமை போயிரும். 'என் ஆள்தான் அணைக்கலை'ன்னு எழுதி வாங்கினா, ஓனர் நிரூபிக்க வேண்டியதை இவரே நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி. இதை முதலாளிகிட்ட நிதானமா எடுத்துச் சொல்லுங்க.

தம்பி மேல தனியா வழக்குப் போடவே முடியாதுன்னு நான் சொல்லமாட்டேன். கவனக்குறைவு நிரூபணமானா அவரையும் பிரதிவாதியாச் சேர்க்கலாம். ஆனா தீப்பிடிச்சதுங்கறது மட்டும் கவனக்குறைவு ஆகாது.

சம்பளத்தை நிறுத்தினது தப்பு. முன்னாடி இருந்த 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் சரி, அதுக்குப் பதிலா 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, தொழிலாளி பொறுப்பில் ஒப்படைச்ச பொருள் அவரோட அலட்சியத்தால் போனாத்தான் பிடித்தம் செய்ய விடுது. அதுவும் விளக்கம் கேட்ட பிறகுதான். கட்டடத்தை யாரும் தம்பிகிட்ட ஒப்படைக்கலையே! தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்க.

போலீஸ் பயத்துக்கு: தீ விஷயத்தில் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமா நடந்தா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 287-வது பிரிவு. அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுக்கும் அலட்சியம் நிரூபணமாகணும். தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்க.

தீ_சர்வேயர்:
முதலாளிக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேளுங்க. பலர் 'ஆள் தப்புன்னா கிளைம் வராது'ன்னு பயந்து யார் தலையிலாவது கட்டப் பாக்கறாங்க. முதித் ரோட்வேஸ் இன்சூரன்ஸ் வழக்கில் (2023), தீக்குக் காரணம் மின்கசிவா வேற எதுவுமாங்கறது முக்கியமில்லை, கிளைம் கேட்பவர் தானே தீ வைக்காம இருந்தாப் போதும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ஸ்டாக்குக்கு மட்டும் பாலிசி எடுத்துட்டுக் கட்டடத்தை விட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. ஓனருக்குத் தனி பாலிசி இருந்தா அந்தக் கம்பெனி பணம் கொடுத்துட்டு, காரணமானவங்க மேல ஓனர் இடத்தில் நின்னு வழக்குப் போடலாம். அதனாலயும் அந்தக் காகிதம் ஆபத்து.

திருப்பூர்_அக்கா:
ரொம்ப நன்றிங்க. கையெழுத்துப் போடமாட்டான். வாய்ஸ் மெசேஜ் கோர்ட்டில் செல்லுமா?

கோவை_சிவில்_வக்கீல்:
செல்லும். பாரதிய சாக்ஷ்ய அதிநியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், 63-வது பிரிவுப்படி சான்றிதழோட தாக்கல் செய்யணும். அதுவரை அந்த போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க.